வாத்து மார்க் மெழுகுவர்த்தி

மெழுகுவர்த்திக்கும் வாத்துக்கும் என்ன சம்பந்தம் என்று டோரிஸிடம் கேட்காத ஆள் கிடையாது. சபையில் பாஸ்டரம்மா கேட்டார். மோண்டா மார்க்கெட் கடைக்காரர்கள் கேட்டார்கள். புருஷன் சிலாஸ் முதல் நாளே கேட்டுவிட்டார். ஒரு சம்பந்தமும் இல்லை, அதனால்தான் வாத்து என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லுவாள்.

டோரிஸ் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கண்டோன்மென்ட் வேலைக்கு வந்த குடும்பம். வீட்டுக்குள் ஊர்த் தமிழ், தெருவில் தக்கனி உருது, படித்தது இங்கிலீஷ். பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தாள். எழுபத்து மூன்றில் அந்தக் கம்பெனி ஆபீஸைப் பம்பாய்க்கு மாற்றிக்கொண்டு, இங்கிருந்தவர்களுக்கு ஆளுக்கொரு கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டது. சிலாஸ் லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பிள்ளைகள் இல்லை. மெட்டுகூடாவில் பின்கட்டில் தகரக் கொட்டகையோடு ஒரு வாடகை வீடு. டோரிஸ் ஒரு பழைய டைப்ரைட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, மனுக்களும் காலேஜ் பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரைகளும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் கரண்ட் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்விடும். மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு அடிப்பாள். ஒருநாள் மெழுகுவர்த்தி அழுது வழிந்து, அடித்து முடித்த ஆறு பக்கத்தையும் பாழாக்கியது. அடுத்த கடையில் வேறு வாங்கினாள். அதன் திரி பாதியிலேயே மெழுகுக்குள் முங்கிச் செத்தது. மூன்றாவது கடையில் வாங்கியது வெயிலில் வைத்த வெண்டைக்காய் மாதிரி வளைந்தது. எந்தப் பாக்கெட்டிலும் யார் செய்தது என்று தெரிகிற மாதிரி ஒன்றுமில்லை. பழுப்புத் தாள், அதன்மேல் ஒரு நூல், அவ்வளவுதான்.

"நல்லதா ஒண்ணு கிடைச்சாக்கூட மறுபடி அதையே கேட்டு வாங்க வழி இல்லயே. என்னன்னு சொல்லிக் கேக்க?" என்றாள் சிலாஸிடம்.

"மெழுகுவத்தின்னு கேளு."

"அப்ப எல்லாம் ஒண்ணுதானா?"

அங்கிருந்துதான் ஆரம்பித்தது. பாலாநகரில் சிறுதொழில் பயிற்சிக்கு மூன்று வாரம் போய்வந்தாள். அலுமினிய அச்சுகள் நான்கு வாங்கினாள். தகரக் கொட்டகையில் அடுப்பைப் போட்டாள். மெழுகு கட்டுப்பாட்டுச் சரக்கு, கோட்டாவில்தான் கிடைக்கும். அதற்குத் தொழில் பதிவு வேண்டும். பதிவுக்குப் போன இடத்தில் ஒரு கிளார்க், "ஹஸ்பண்ட் ரயில்வே சர்வன்ட். உங்க பேர்ல போட்டா நூறு கேள்வி கேப்பாங்க. வேற ஆம்பளை பேர் குடுங்கம்மா" என்று நல்லது சொல்கிற மாதிரி சொன்னார். பொலாரத்தில் இருந்த தம்பி தேவசகாயம் பேரைக் கொடுத்தாள். 'தேவசகாயம் இண்டஸ்ட்ரீஸ்' என்று பதிவு ஆயிற்று. ரசீதுப் புத்தகத்தை மட்டும் ஆசைக்கு 'டோரிஸ் கேண்டில்ஸ்' என்று அடித்துக்கொண்டாள். பேர்தானே, எதுவாக இருந்தால் என்ன என்று அப்போது இருந்தது.

அவளுடைய கவனமெல்லாம் படத்தில் இருந்தது. மோண்டா மார்க்கெட்டில் கௌஸ் பாய் கடை ஓரத்தில் நின்று ஒரு வாரம் வேடிக்கை பார்த்திருந்தாள். தெலுங்குக்காரர்கள், உருதுக்காரர்கள், தமிழர்கள், ரயில்வே கலாசிகள், ராணுவ வீட்டுப் பெண்கள். தீப்பெட்டியோ சோப்போ, யாரும் பேரை வாசித்து வாங்கவில்லை. கிளி போட்டது கொடு, சாவி போட்டது கொடு என்றுதான் கேட்டார்கள். மெழுகுவர்த்திக்கு எல்லோரும் போடுவது விளக்கும் நட்சத்திரமும். அதில் யாருடையது எது என்று தெரியாது. சிலுவை போட்டால் கோயிலுக்கு உள்ளது என்று மற்றவர்கள் தொடமாட்டார்கள். 'டோரிஸ்' என்று போட்டாலும் அதே கதைதான். எந்த மெழுகுவர்த்திக்காரனும் நினைத்துப் பார்க்காத ஒன்று வேண்டும், எந்தப் பாஷையிலும் சட்டென்று வாயில் வரவேண்டும் என்று யோசித்தாள். லாலாகூடா குட்டையில் நீந்திய வாத்தைப் பார்த்து, டைப் அடிக்கும் தாளின் பின்புறம் வரைந்தாள். நீலத் தாளில் மஞ்சள் வாத்து, இடது பக்கம் பார்த்தபடி. கீழே தெலுங்கிலும் உருதுவிலும் இங்கிலீஷிலும் 'வாத்து மார்க்'. ஓரத்தில் பொடி எழுத்தில் வீட்டு நம்பரும் மெட்டுகூடாவும். ஆள் பேர் எதுவும் இல்லை.

பாக்கெட்டுக்கு ஆறு வர்த்தி. ஒவ்வொரு வார்ப்பிலும் ஒன்றை எடுத்து ஏற்றிக் கடிகாரத்தைப் பார்ப்பாள். இரண்டரை மணி நேரம் அழாமல் எரிந்தால்தான் அந்த வார்ப்பு வெளியே போகும். முதல் தடவை அச்சடித்த உறையில் ஒன்றைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தாள். புது உறைகள் வந்தால் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். நீலம் ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒருமுறை பிரஸ்காரர் பிளாக்கை மாற்றிச் செய்து, வாத்து வலது பக்கம் பார்த்தபடி இரண்டாயிரம் உறைகள் வந்தன.

"வாத்து எந்தப் பக்கம் பாத்தா என்ன டோரிஸ்? எதுக்கு இம்புட்டு அடம்?" என்றார் சிலாஸ்.

"நேத்து ஒரு மூஞ்சி, இன்னைக்கு ஒரு மூஞ்சின்னா நம்புவாங்களா? வாங்குதவங்களுக்கு எது மாறிச்சுன்னு சொல்லத் தெரியாது. என்னமோ மாறிட்டுன்னு மட்டும் தோணும். அது போதும்லா, கையை எடுத்திருவாங்க."

இரண்டாயிரம் உறைகளும் அடுப்பு மூட்டப் போயின.

இரண்டு வருஷத்தில் அவள் நினைத்தது நடந்தது. மோண்டா மார்க்கெட்டில் மோம்பத்தி என்று கேட்பதை விட்டு, "பத்தக் தேவ்", வாத்து கொடு என்று கேட்க ஆரம்பித்தார்கள். தெலுங்குக்காரர்கள் 'பாத்து' என்றார்கள். ஒருநாள் கடையில் நிற்கும்போது, எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கிழவர் அடுக்கி வைத்த பாக்கெட்டுகளைத் தூரத்திலிருந்தே விரல் நீட்டிக் காட்டி, "ஓ நீலா", அந்த நீலம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அன்று டோரிஸ் பஸ் ஏறாமல் மெட்டுகூடா வரை நடந்தே வந்தாள். கொட்டகையில் உதவிக்கு இருந்த மரியபுஷ்பத்திடம் அதை மூன்று தடவை சொன்னாள்.

மரியபுஷ்பம் கத்தோலிக்கப் பெண், புருஷன் விட்டுப் போனவள், இரண்டு பிள்ளைகள். உறை சுற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வாத்தின் அலகு சரியாக மடிப்புக்கு ஒரு விரல் முன்னால் நிற்கும்.

எழுபத்தாறில், தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் சொல்லி, வாத்து மார்க்கைப் பதிவு செய்ய மெட்ராஸுக்கு விண்ணப்பம் போட்டாள். அதில் 'டோரிஸ் சிலாஸ்' என்று கையெழுத்திட்டாள். வருஷக்கணக்காகும் என்றார்கள். ஆகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் தியாகு வந்தார். திருச்சிக்காரர், ராணிகஞ்சில் ஏஜென்சி வைத்திருந்தார், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு படபடவென்று பேசுவார். ஊர் முழுக்க நான் போடுகிறேன், நீங்கள் செய்வதை மட்டும் செய்யுங்கள் என்றார். சொன்னபடி செய்யவும் செய்தார். மௌலா அலிப் பக்கத்து ஊழியர் காலனிகள், மல்காஜ்கிரி, அல்வால், பழைய நகரம் என்று எங்கெல்லாமோ வாத்து போயிற்று. உறையைச் சிவகாசியில் அடித்தால் நிறம் ஒரு சொட்டுக்கூட மாறாது என்று அவர்தான் சொன்னார். டோரிஸ் பெட்டியிலிருந்த முதல் உறையையே மாதிரிக்குக் கொடுத்தனுப்பினாள். சிவகாசியிலிருந்து வந்த உறைகளைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை கச்சிதம். ஆர்டர் தியாகு ஏஜென்சி பேரில் போனது, அச்சுத் தகடுகள் தியாகு பேரில் இருந்தன, தியாகுவின் பில் தலைப்பிலும் அதே வாத்து நீந்தியது. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று டோரிஸுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எழுபத்தொன்பது கடைசியில் மெழுகு இல்லாமல் போனது. கோட்டா பாதியானது, பிறகு கால், பிறகு மூன்று மாதம் ஒன்றுமே வரவில்லை. கள்ள மார்க்கெட்டில் கிடைத்தது குங்கிலியம் கலந்த மட்ட மெழுகு. ஒரு கட்டி வாங்கி வார்த்துப் பார்த்தாள். முக்கால் மணி நேரத்தில் குனிந்து தரையைத் தொட்டது.

"இத நம்ம தாள்ல சுத்தக் கூடாது" என்று அடுப்பை அணைத்தாள்.

"எல்லாரும் இதத்தானே விக்கிறாங்க" என்றார் சிலாஸ்.

"எல்லாரும் விக்கட்டும்."

தியாகு இரண்டு தடவை வந்து கெஞ்சிவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வரவில்லை. ஐந்து மாதம் கொட்டகை மூடியிருந்தது. மரியபுஷ்பத்துக்குத் தையல் வேலை பிடித்துக் கொடுத்தாள். மெழுகு மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்ததும் மரியபுஷ்பம் திரும்பி வந்தாள். செய்ததைத் தியாகு எடுத்துக்கொண்டார், ஆனால் முன்போல் அவசரப்படுத்தவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

எண்பத்தொன்று மார்ச்சில் ஒரு மத்தியானம், கதவைத் தட்டிக்கொண்டு ஒரு அம்மாள் வந்து நின்றாள். மடிசார் இல்லை, சாதாரணக் கட்டுத்தான். கையில் மஞ்சள் பை. வெயிலில் பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"வாத்து மெழுகுவர்த்தி பண்றது இங்கதானே? நான் கல்பகம். மௌலா அலி காலனிலேருந்து வரேன். எங்காத்துக்காரர் அங்க ஃபேக்டரில இருக்கார்."

டோரிஸ் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். அந்த அம்மாள் உட்காரவில்லை. பையிலிருந்து நீல பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். நாலு வர்த்தி மிச்சம் இருந்தது.

"நாலு வருஷமா இதத்தான் வாங்கிண்டிருக்கோம். வாத்துன்னா கண்ண மூடிண்டு வாங்குவேன். கொழந்தைக்குப் பரீட்சை. படிக்கட்டும்னு ஏத்தி வெச்சுட்டு அடுக்களைக்குப் போனேன். வளைஞ்சு ஜன்னல் திரையில சாஞ்சிருக்கு. அணைக்கப் போன கொழந்தைக்கு முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. ரெண்டு வாரமா ஆஸ்பத்திரி."

டோரிஸ் ஒரு வர்த்தியை எடுத்து நகத்தால் கீறினாள். மாவுபோல உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். குங்கிலிய வாடை. உறையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய நீலம்தான், அவளுடைய வாத்துதான். அலகு மட்டும் மடிப்புக்குள் போய் மறைந்திருந்தது.

"இது நான் செஞ்சது இல்லம்மா" என்றாள்.

சொல்லும்போதே அது திருடன் சொல்லுகிற வார்த்தை மாதிரி அவள் காதிலேயே விழுந்தது.

கல்பகம் பாக்கெட்டின் ஓரத்தைக் காட்டினாள். "இதுல போட்டிருக்கிற நம்பரப் பாத்துண்டுதானே இங்க வந்தேன். இந்த ஆம்தானே இது?"

"இந்த வீடுதான்."

"அப்பறம்?"

மரியபுஷ்பம் குறுக்கே வந்து உறை சுற்றியிருக்கும் விதத்தைக் காட்டி ஏதோ விளக்கப் பார்த்தாள். தகராறு பண்ண நான் வரவில்லை, இன்னொரு குழந்தைக்கு இப்படி ஆகிவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று கல்பகம் அமைதியாகச் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் டோரிஸுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு டோரிஸ் மௌலா அலிக்குப் போனாள். கல்பகம் பழத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டாள், காபி கொடுத்தாள். அவளுடைய பெண் கட்டுப் போட்ட கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டது.

"உங்களைப் பாத்தா பொய் சொல்றவளாத் தெரியல. ஆனா இனிமே எங்க காலனில ஒருத்தரும் வாத்து வாங்க மாட்டா. கோஆப்பரேட்டிவ்ல சொல்லியாச்சு" என்றாள் கல்பகம். டோரிஸ் தலையை ஆட்டினாள். அவள் இடத்தில் தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

மறுநாள் ராணிகஞ்ச் போனாள். தியாகு மறைக்கவே இல்லை. நாற்காலி போட்டு, குடிக்க ஏதாவது சொல்லட்டுமா என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார்.

"ஆமா சிஸ்டர், குஷாய்குடால ஒரு யூனிட்ல செய்யச் சொன்னேன். நீங்க அடுப்ப அணைச்சிட்டு உக்காந்துட்டீங்க. நாலு மாசம் கடையில வாத்து இல்லன்னா அந்த இடத்துல வேற எவனாவது வந்து உக்காந்துடுவான். அப்பறம் நீங்க தங்கத்துல செஞ்சு கொடுத்தாலும் திரும்பிப் பாக்க மாட்டானுங்க. உங்க மார்க்க நான்தான் சாகாம காப்பாத்தி வெச்சேன்."

"ஒரு பிள்ளைக்குக் கை வெந்து போச்சு தியாகு."

அவர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் டோரிஸ் பிற்பாடும் சொல்லுவாள். "தப்புதான். அந்த லாட்ட நிறுத்தச் சொல்றேன்" என்றார்.

"லாட்ட இல்ல. வாத்த நிறுத்துங்க. அது என்னுது."

"உங்களுதுன்னு எதுல இருக்கு சிஸ்டர்?" என்றார். குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அதற்கு அர்த்தம் இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அவளுடைய விண்ணப்பம் ஒருவழியாக அரசாங்க இதழில் வெளியானதும், தியாகு ஆட்சேபம் போட்டார். எண்பத்து மூன்று ஆகஸ்டில் மெட்ராஸில் விசாரணை. சிலாஸின் ரயில்வே பாஸில் இருவரும் போனார்கள். டோரிஸ் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். பையில் பத்து வருஷத்து உறைகள், வருஷ வாரியாக, ஒவ்வொன்றும் மற்றதைப்போல. இதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று நம்பினாள்.

உறைகளை அந்த அதிகாரி பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு காகிதங்களைக் கேட்டார். தொழில் பதிவும் மெழுகு கோட்டாவும் தேவசகாயம் இண்டஸ்ட்ரீஸ். ரசீது டோரிஸ் கேண்டில்ஸ். விண்ணப்பம் டோரிஸ் சிலாஸ். உறையில் யார் பேரும் இல்லை. முதல் மூன்று வருஷம் அச்சடித்த பிரஸ்ஸில் பில் கொடுத்ததே இல்லை, அந்த பிரஸ்ஸும் இப்போது இல்லை. தேவசகாயத்திடம் உறுதிமொழிப் பத்திரம் கேட்டு வாங்கியிருந்தாள். அவன் பயந்தவன். கோட்டா என் பேரில், வியாபாரம் அக்காளுடையது என்று எழுதிக் கொடுத்தால் தன்மேல் கேஸ் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வியாபாரம் தன்னுடையது, அக்காள் மேற்பார்வை பார்த்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். சீல் வைத்த கவரில் வந்ததை டோரிஸ் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அங்கே, எல்லோர் முன்னிலும் வாசித்தபோதுதான் கேட்டாள்.

தியாகுவின் வக்கீல் மேஜைமேல் வரிசையாக வைத்தார். சிவகாசி ஆர்டர்கள், தகட்டுக்கான பில், வாத்து போட்ட தலைப்போடு ஆறு வருஷத்து விற்பனைச் சீட்டுகள். எல்லாவற்றிலும் ஒரே பேர், ஒரே படம். இந்த அம்மாள் எங்கள் கட்சிக்காரருக்குக் கூலிக்கு மெழுகுவர்த்தி வார்த்துக் கொடுத்தவர் என்றார்.

"இந்த மார்க்குக்கு உரிமையாளர் யார்னு நீங்க சொல்றீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நாந்தான்."

"நீங்கன்னா? டோரிஸ் கேண்டில்ஸா, தேவசகாயம் இண்டஸ்ட்ரீஸா?"

"ரெண்டும் நாந்தான் சார். வாத்த வரைஞ்சது நான்."

அவர் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார் என்பதுதான் அவளுக்கு மறக்கவே இல்லை. இடது பக்கமா வலது பக்கமா என்று ஒரு பறவையின் மூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், தன் பேரை மூன்றாகப் பிய்த்து மூன்று காகிதத்தில் போட்டுவிட்டாள். சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது சிலாஸ் இட்லி வாங்கிக்கொண்டு வந்தார். "அந்தக் கிளார்க் பேச்ச அன்னைக்கு நான் கேக்காம இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். இட்லி ஆறிப்போனது.

அடுத்த வருஷம் தபாலில் உத்தரவு வந்தது. வியாபாரத்தில் இந்த மார்க்கைப் பயன்படுத்தி வந்தவர் விண்ணப்பதாரர்தான் என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

சிலாஸ் விட்டுவிடு என்றார். அவள் விடவில்லை. கையில் வேலை இருக்கிறது, நல்ல மெழுகும் இப்போது கிடைக்கிறது, இன்னொரு படம் போட்டால் போயிற்று என்று துணிந்தாள். இந்த முறை எல்லாக் காகிதத்திலும் ஒரே பேர்: டோரிஸ் சிலாஸ். படம், விரித்த குடை. பச்சைத் தாளில் சிவப்புக் குடை. பிரஸ்ஸில் பில் கேட்டு வாங்கினாள். வர்த்தி வாத்து இருந்த காலத்தைவிட நன்றாக வந்தது, இரண்டே முக்கால் மணி நேரம் எரிந்தது.

பழைய ஆள் என்று கௌஸ் பாயிடம் முதலில் கொண்டுபோனாள். மரியாதைக்கு இரண்டு டஜன் வாங்கி முன்வரிசையில் வைத்தார். ஒரு மாதம் கழித்துப் போனபோது பாக்கெட்டுகள் தூசி படிந்து அப்படியே இருந்தன. பக்கத்தில் நீல அடுக்கு பாதி காலியாகியிருந்தது.

"க்யா கரூம் அம்மா, லோகாங் கோ பத்தக்ச் ஹோனா" என்றார். ஜனங்களுக்கு வாத்துதான் வேண்டுமாம், அவர் என்ன செய்வார்.

அந்நேரம் வந்த ஒரு பெண்ணிடம் அவரே குடை பாக்கெட்டை எடுத்துக் காட்டி, நல்ல சரக்கு என்று சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நக்கோ பாய், யே நக்லி திக்தா" என்று வைத்துவிட்டாள். போலி மாதிரித் தெரிகிறதாம். வாத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கௌஸ் பாய் தலையைக் குனிந்துகொண்டார். இப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும் என்று அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்குப் பழக்கியது யார் என்று அவருக்குத் தெரியும். டோரிஸ் குடை பாக்கெட்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.

ஒன்றரை வருஷம் பார்த்தாள். சபையார் கிறிஸ்துமஸுக்கு வாங்கினார்கள், இரண்டு பள்ளிக்கூடங்கள் வாங்கின. வாரத்துக்கு ஒரு நாள் அடுப்பு எரிந்தால் அதிகம் என்று ஆயிற்று.

எண்பத்தாறு ஜூனில் மரியபுஷ்பம் வேலை முடிந்தும் கிளம்பாமல் நின்றாள்.

"என்ன மரியம்?"

"டோரிஸக்கா, குஷாய்குடா யூனிட்ல உறை சுத்த ஆள் கேக்காங்க. தெனமும் வேலை இருக்காம். மூத்தவன் பாலிடெக்னிக்குல சேரணும்கான்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க போகாதேன்னா போகல."

"நான் எதுக்குப் போகாதேங்கப் போறேன். போ."

"வாத்துதான் சுத்தணும்க்கா."

"தெரியும். போ." கொஞ்சம் பொறுத்து, "அலக மடிப்புக்குள்ள விடாம சுத்து. அதுக்காவது ஒரு ஆள் போகட்டும்" என்றாள். மரியபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

போன இடத்தில் அப்படிச் சுற்ற முடியவில்லை. மணிக்கு இத்தனை பாக்கெட் என்று கணக்கு, அலகைப் பார்க்க நேரமில்லை என்று பத்து நாள் கழித்து வந்து அழுதாள். டோரிஸ் சரி விடு என்றாள்.

அந்த மழைக்காலத்திலேயே அச்சுகளை விற்றுவிட முடிவு செய்தாள். மெழுகுவர்த்தி அச்சை மெழுகுவர்த்திக்காரர்கள்தான் வாங்குவார்கள். விசாரித்து வந்தது ஒரே ஆள், குஷாய்குடா யூனிட்டின் மேஸ்திரி. சனிக்கிழமை ரிக்‌ஷாவோடு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை டோரிஸ் கொட்டகையில் உட்கார்ந்து, சுடுதண்ணீரும் கந்தல் துணியும் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு அச்சுகளைத் துடைத்தாள். குழிகளின் அடியில் ஒட்டியிருந்த பழைய மெழுகைக் குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். சிலாஸ் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க போய்த் தேச்சுக்க மாட்டாங்களா? அவங்களுக்காக எதுக்கு இத்தனை பாடு?"

அவள் நிமிரவில்லை. சிலாஸ் உள்ளே வந்து, பலகையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, இரண்டாவது அச்சைக் கையில் எடுத்துக்கொண்டார். மத்தியானம் ரிக்‌ஷா வரும்வரை இருவரும் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அச்சுகள் போன பிறகு கொட்டகையில் ஈரத் தரையும் புகை படிந்த சுவரும்தான் இருந்தன. அடுத்த மாதம் வீட்டுச் சொந்தக்காரர் அதை ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக்குக்கு விட்டுவிட்டார். டோரிஸ் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். ஐம்பதை நெருங்கும் வயதில், தன்னைவிட இருபது வயது சின்ன ஹெட்கிளார்க்கிடம் திருத்தம் வாங்கிக்கொண்டு, சான்றிதழ்களில் மற்றவர்கள் பேரை எழுத்துப் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்பு என்ன செய்தாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை.